இரண்டு சிஸ்டம், ஒரு கம்ப்யூட்டர்: பூட் வரிசை குழம்பினால் பதற வேண்டாம்

ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் வைத்துக் கொள்ளும் வழக்கம் புதிதல்ல. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய இலவச லேப்டாப்களில் கூட விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திய பிறகு, பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட மனமில்லாத பலர் அதில் உபுண்டுவையும் பதிந்து கொண்டிருக்கிறார்கள். இதைத்தான் டூயல் பூட் என்கிறோம்.

சில மாதங்கள் எல்லாம் ஒழுங்காக ஓடும். ஒரு நாள் காலையில் பவர் பட்டனை அழுத்தினால், வழக்கமாக வரும் தேர்வுப் பட்டியல் வராது. கம்ப்யூட்டர் நேராக விண்டோஸுக்குள் போய்விடும். அல்லது கறுப்புத் திரையில் ஏதோ ஒரு வரி மட்டும் மின்னிக் கொண்டிருக்கும். "லினக்ஸ் அழிந்துவிட்டது", "ஹார்ட் டிஸ்க் போய்விட்டது" என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கடைசியில் யாராவது ஒருவர் "பார்மட் பண்ணிடலாம்" என்பார்.

அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் தலையாட்டாதீர்கள். இது போன்ற நேரங்களில் பெரும்பாலும் உங்கள் பைல் ஒன்று கூட அழிந்திருக்காது. எந்த சிஸ்டத்தை முதலில் எழுப்புவது என்ற வரிசைதான் மாறியிருக்கும். வரிசையைச் சரி செய்தால் போதும்.

பூட் வரிசை என்பது என்ன?

வீட்டில் காலண்டருக்குப் பக்கத்தில், அவசரத்துக்கு யாரை முதலில் கூப்பிட வேண்டும் என்று சில போன் நம்பர்களை எழுதி ஒட்டியிருப்போம். முதல் நம்பர் எடுக்கவில்லை என்றால் இரண்டாவது, அதுவும் இல்லை என்றால் மூன்றாவது. பூட் வரிசை அப்படிப்பட்ட ஒரு பட்டியல். மேலே இருந்த பெயர் கீழே போய்விட்டால், அந்த ஆள் ஊரில் இல்லை என்று அர்த்தமல்ல அல்லவா?

பழைய பயாஸ் கம்ப்யூட்டர்களில் இந்த வேலை மிக எளிமையாக நடந்தது. பயாஸ், ஹார்ட் டிஸ்க்கின் முதல் 512 பைட்டுகளை மட்டும் படிக்கும். இதற்கு மாஸ்டர் பூட் ரெக்கார்ட் என்று பெயர். அதில் 446 பைட்டுகள் தொடக்க புரோகிராமுக்கு, 64 பைட்டுகள் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, மீதி 2 பைட்டுகள் அடையாளத்துக்கு. இருப்பது ஒரே இடம் என்பதால், கடைசியாகப் பதியப்பட்ட சிஸ்டம் அங்கே தன் புரோகிராமை எழுதிவிடும். "முதலில் விண்டோஸ், அப்புறம் லினக்ஸ்" என்று பெரியவர்கள் சொல்லி வந்ததற்குக் காரணம் இதுதான். லினக்ஸின் கிரப் விண்டோஸையும் பட்டியலில் சேர்த்துக் கொள்ளும். விண்டோஸ் அந்த மரியாதையைத் திருப்பிச் செய்யாது.

இப்போதைய கம்ப்யூட்டர்களில் பயாஸின் இடத்தில் யு.இ.எப்.ஐ. இருக்கிறது. 2012-ல் விண்டோஸ் 8 வந்த பிறகு கடைகளுக்கு வந்த கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் இந்த வகைதான். 2021-ல் வந்த விண்டோஸ் 11 இதைக் கட்டாயமாகவே கேட்கிறது. இதில் ஹார்ட் டிஸ்க்கிலோ எஸ்.எஸ்.டி.யிலோ இ.எப்.ஐ. சிஸ்டம் பார்ட்டிஷன் என்ற சிறிய பகுதி தனியாக இருக்கும். அதற்குள் மைக்ரோசாப்ட்டுக்கு ஒரு போல்டர், உபுண்டுவுக்கு ஒரு போல்டர். யார் பூட் பைலும் யார் மீதும் ஏறி உட்காராது. "முதலில் உபுண்டு, பிறகு விண்டோஸ்" என்ற பட்டியல் மட்டும் மதர்போர்டில் உள்ள மெமரி சிப்பில் இருக்கும்.

விண்டோஸ் பெரிய அப்டேட் ஒன்றைப் பதியும்போதோ, பயாஸை அப்டேட் செய்யும்போதோ, பயாஸ் செட்டிங்குகள் பழைய நிலைக்குத் திரும்பும்போதோ அந்தப் பட்டியலில் விண்டோஸின் பெயர் மேலே ஏறிவிடுவது உண்டு. உபுண்டுவின் போல்டரும் பார்ட்டிஷனும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

கை வைக்கும் முன் நான்கு வேலைகள்

1. பிட்லாக்கர் கீயை எழுதி வைத்துக் கொள்ளுங்கள். புதிய லேப்டாப்களில் டிஸ்க் முழுவதும் தானாகவே என்க்ரிப்ட் செய்யப்பட்டிருக்கலாம். பூட் செட்டிங்கை மாற்றினால், விண்டோஸ் அடுத்த முறை 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கக்கூடும். உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டில் நுழைந்தால் அந்தக் கீ கிடைக்கும். கேட்ட பிறகு தேடாமல், முன்பே ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

2. முக்கியமான பைல்களை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ காப்பி செய்யுங்கள். எந்த சிஸ்டம் இப்போது திறக்கிறதோ அதிலிருந்து எடுக்க முடிந்தவரை போதும்.

3. பயாஸ் திரையில் எதையும் மாற்றுவதற்கு முன் மொபைல் போனில் ஒரு படம் எடுத்துக் கொள்ளுங்கள். தவறினால் பழைய நிலைக்குத் திரும்ப அதுதான் வழிகாட்டி.

4. விண்டோஸில் பாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்துங்கள். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் சென்று, பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கும் பகுதியைத் திறந்தால், இதற்கான டிக் அடையாளத்தை எடுத்துவிடலாம். இது இயங்கும்போது விண்டோஸ் முழுதாக ஷட் டவுன் ஆவதில்லை, பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸுக்குள் போனால், விண்டோஸ் டிரைவில் உள்ள பைல்களைப் படிக்க மட்டுமே முடியும்.

நிலை 1: நேராக விண்டோஸ் வருகிறது

அதிகம் பேர் சந்திப்பது இதைத்தான். முதலில், லினக்ஸ் பார்ட்டிஷன் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். விண்டோஸில் ஸ்டார்ட் பட்டன் மீது ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறக்கவும். சி, டி போன்ற எழுத்து எதுவும் இல்லாமல், நீங்கள் லினக்ஸுக்கு ஒதுக்கிய அளவில் ஒரு பகுதி தெரிந்தால் அந்தப் பார்ட்டிஷன் அங்கேதான் இருக்கிறது. விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது. அதனால் எங்காவது "இந்த டிஸ்க்கை பார்மட் செய்ய வேண்டும்" என்று கேட்டால் கேன்சல் மட்டுமே உங்கள் பதில்.

அடுத்து, பூட் மெனு கீ. கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் இந்தக் கீயை விட்டு விட்டுத் தட்டிக் கொண்டே இருந்தால், எதிலிருந்து பூட் செய்வது என்று இந்த ஒரு முறைக்கு மட்டும் கேட்கும்.

டெல், லெனோவோ, ஏசர்: எப்12
எச்.பி.: எப்9
ஆசுஸ் லேப்டாப்: எஸ்கேப்
ஆசுஸ் மதர்போர்டு: எப்8
ஜிகாபைட் மதர்போர்டு: எப்12
எம்.எஸ்.ஐ.: எப்11

மாடலுக்கு மாடல் இது மாறலாம். ஏசர் லேப்டாப்களில் எப்12 மெனுவை முதலில் பயாஸ் செட்டப்பில் எனேபிள் செய்ய வேண்டியிருக்கும். கீ எதுவும் வேலை செய்யாவிட்டால், விண்டோஸில் ஷிப்ட் கீயை அழுத்திக் கொண்டே ரீ ஸ்டார்ட் கிளிக் செய்யுங்கள். நீலத் திரையில் "யூஸ் எ டிவைஸ்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் பட்டியல் வரும்.

பட்டியலில் உபுண்டு என்ற பெயர் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டுங்கள். வழக்கமான கிரப் மெனு வந்துவிட்டால், பிரச்னை வெறும் வரிசைதான் என்று உறுதியாகிவிட்டது.

கடந்த ஆண்டு என் நண்பனின் தங்கை ஒரு மாலையில் போன் செய்தாள். கடைசி வருட பொறியியல் படிப்பு, புராஜெக்ட் முழுவதும் உபுண்டுவில் இருக்கிறது, மூன்று நாளில் ரிவ்யூ. விண்டோஸ் இரவில் அப்டேட் ஆகியிருக்கிறது. காலையிலிருந்து உபுண்டுவைக் காணவில்லை. பக்கத்தில் உள்ள ஒரு சர்வீஸ் கடையில் காட்டியிருக்கிறாள். "லினக்ஸ் போயிடுச்சு, ரெண்டையும் பார்மட் பண்ணி புதுசா போட்டுத் தரேன்" என்று சொல்லிவிட்டார்களாம். "விட்டுட்டுப் போகட்டுமாண்ணா?" என்று கேட்டாள். "வேண்டாம்மா, லேப்டாப்பை வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போ" என்றேன். வீட்டிலிருந்து மறுபடி பேசினாள். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறக்கச் சொன்னேன். எழுத்தில்லாத 60 ஜி.பி. பகுதி ஒன்று அப்படியே இருந்தது. ரீ ஸ்டார்ட் செய்து எப்12. பட்டியலில் இரண்டாவதாக உபுண்டு. என்டர் தட்டியவள் சில நொடிகள் எதுவும் பேசவில்லை. பிறகு "வந்துடுச்சுண்ணா" என்றாள். அதற்கு மேல் நாங்கள் செய்தது, வரிசையை நிரந்தரமாக மாற்றியது மட்டும்தான். நான்கு மாத உழைப்பை பார்மட் செய்ய இருந்த இடத்தில் தேவைப்பட்டது ஒரு கீ.

நிரந்தரமாக மாற்றுவது எப்படி?

பயாஸ் செட்டப்பைத் திறங்கள். டெல், ஏசர், ஆசுஸ் லேப்டாப்களில் எப்2, எச்.பி.யில் எப்10, லெனோவோவில் எப்2 அல்லது எப்1, டெஸ்க்டாப் மதர்போர்டுகளில் பெரும்பாலும் டெலீட் கீ. பூட் என்ற பகுதிக்குச் சென்று, முதல் இடத்தில் உபுண்டுவையும் இரண்டாம் இடத்தில் விண்டோஸ் பூட் மேனேஜரையும் வைக்கவும். சேவ் செய்து வெளியேற எப்10.

சில மதர்போர்டுகளில் முதல் பட்டியலில் டிஸ்க்கின் பெயர் மட்டும் தெரியும், உபுண்டு தெரியாது. பலர் இங்கே ஏமாந்து திரும்பிவிடுகிறார்கள். அதே பக்கத்தில் கீழே, ஹார்ட் டிஸ்க் டிரைவ் பிரயாரிட்டீஸ் என்ற துணைப் பட்டியல் இருக்கும். அதைத் திறந்தால் உள்ளே இரண்டு சிஸ்டங்களும் தெரியும்; வரிசையை அங்கே மாற்ற வேண்டும். சில எச்.பி. லேப்டாப்களில் இதே பட்டியல் ஓ.எஸ். பூட் மேனேஜர் என்ற பெயருக்குள் இருக்கும்.

லினக்ஸிலிருந்தும் மாற்றலாம். இந்தக் கட்டுரையில் கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். "சுடோ இஎப்ஐபூட்எம்ஜிஆர்" என்று கொடுத்தால், பூட் ஆர்டர் என்ற வரியில் நான்கு இலக்க எண்கள் வரும். உதாரணத்துக்கு 0000 விண்டோஸ், 0003 உபுண்டு என்று வைத்துக் கொள்வோம். "சுடோ இஎப்ஐபூட்எம்ஜிஆர் -ஓ 0003,0000" என்று கொடுத்தால் உபுண்டு முதலிடத்துக்கு வந்துவிடும். ஓ என்பது ஆங்கிலச் சிறிய எழுத்து. வரியில் வேறு எண்கள் இருந்தால் அவற்றையும் கடைசியில் சேர்த்து எழுதுங்கள். விட்ட எண் வரிசையிலிருந்து விலகிவிடும்.

பூட் மெனுவில் உபுண்டுவின் பெயரே இல்லை, ஆனால் பார்ட்டிஷன் இருக்கிறது என்றால்? உபுண்டு பென் டிரைவிலிருந்து பூட் செய்து, பதியாமல் முயன்று பார்க்கும் முறையில் உள்ளே போங்கள். இன்டர்நெட் இணைப்பு கொடுத்து, பூட் ரிப்பேர் என்ற இலவச புரோகிராமைப் பதிந்து, பரிந்துரைக்கப்பட்ட ரிப்பேரைக் கிளிக் செய்தால் கிரப்பை மீண்டும் எழுதித் தரும். பென் டிரைவை யு.இ.எப்.ஐ. முறையில் பூட் செய்ய வேண்டும் என்பது முக்கியம்.

நிலை 2: மெனுவில் விண்டோஸைக் காணோம்

இங்கே இரண்டு காரணங்கள். ஒன்று, மெனுவே மறைந்திருக்கும். ஆன் செய்தவுடன் எஸ்கேப் கீயை ஒரு முறை தட்டிப் பாருங்கள். பழைய பயாஸ் கம்ப்யூட்டர் என்றால் ஷிப்ட் கீயை அழுத்திப் பிடியுங்கள்.

இரண்டாவது காரணம் 2021-ல் வந்த கிரப் 2.06. மற்ற சிஸ்டங்களைத் தேடிப் பட்டியலில் சேர்க்கும் ஓ.எஸ். புரோபர் என்ற வசதியை, பாதுகாப்பு கருதி அதிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். எனவே அப்டேட்டுக்குப் பின் விண்டோஸ் பட்டியலிலிருந்து மறைந்து போகலாம். மறுபடி இயக்க:

1. டெர்மினலில் "சுடோ நேனோ /இடிசி/டீபால்ட்/கிரப்" என்ற பைலைத் திறக்கவும். இடிசி என்பது மூன்று தனி எழுத்துகள்.

2. "கிரப்_டிஸேபிள்_ஓஎஸ்_புரோபர்=பால்ஸ்" என்ற வரியைத் தேடவும். முன்னால் # குறி இருந்தால் அதை நீக்கவும். வரியே இல்லாவிட்டால் கடைசியில் சேர்க்கவும். சமக் குறிக்கு இடப்புறம் எல்லாம் பெரிய எழுத்து, வலப்புறம் சிறிய எழுத்து.

3. கன்ட்ரோலுடன் ஓ, என்டர், பிறகு கன்ட்ரோலுடன் எக்ஸ். பைல் சேவ் ஆகி மூடிவிடும்.

4. "சுடோ அப்டேட்-கிரப்" என்று கொடுக்கவும். திரையில் விண்டோஸ் பூட் மேனேஜரைக் கண்டுபிடித்ததாக ஒரு வரி வர வேண்டும்.

அப்படியும் வரவில்லை என்றால் லினக்ஸ் பழைய லெகசி முறையிலும் விண்டோஸ் யு.இ.எப்.ஐ. முறையிலும் பதியப்பட்டிருக்கலாம். விண்டோஸில் எம்எஸ்இன்போ32 என்று ரன் செய்தால் பயாஸ் மோட் என்ற வரியில் எந்த முறை என்று தெரியும். இரண்டும் ஒரே முறையில் இருந்தால்தான் ஒரு மெனுவிலிருந்து இரண்டையும் திறக்க முடியும்.

நிலை 3: கிரப் என்ற சொல்லோடு கறுப்புத் திரை

லினக்ஸ் வேண்டாம் என்று முடிவு செய்து, விண்டோஸிலிருந்தே அதன் பார்ட்டிஷனை டெலீட் செய்தவர்கள் இதைச் சந்திப்பார்கள். கிரப்பின் முதல் துண்டு சிறிய பார்ட்டிஷனில் இருக்கும். மெனு உள்ளிட்ட மீதி லினக்ஸ் பார்ட்டிஷனில் இருக்கும். மீதியைத் தேடி, காணாமல் முதல் துண்டு திகைத்து நிற்கிறது.

யு.இ.எப்.ஐ. கம்ப்யூட்டர் என்றால் பூட் மெனு கீ மூலம் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுங்கள். பிறகு செட்டப்பில் அதையே முதலிடத்தில் வையுங்கள். பழைய பயாஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸ் இன்ஸ்டலேஷன் பென் டிரைவிலிருந்து பூட் செய்து, ரிப்பேர் பகுதியில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, "பூட்ரெக் /பிக்ஸ்எம்பிஆர்" கொடுக்க வேண்டும்.

லினக்ஸை நீக்க நினைப்பவர்கள் முதலில் விண்டோஸை முதலிடத்துக்கு மாற்றி, ஒரு முறை பூட் செய்து பார்த்த பிறகே பார்ட்டிஷனை நீக்கினால் இந்தத் திரையே வராது.

நிலை 4: பூட் டிவைஸ் இல்லை என்ற செய்தி

முதலில் யு.எஸ்.பி. போர்ட்டைப் பாருங்கள். மறந்து விட்ட பென் டிரைவை எடுத்தாலே பல நேரம் சரியாகிவிடும். அடுத்து, செட்டப்பில் உங்கள் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். பெயரே தெரியவில்லை என்றால் இது பூட் வரிசைப் பிரச்னை அல்ல. கேபிளோ டிஸ்க்கோ காரணம். அப்போது கடைக்குப் போவதுதான் சரி.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கிறது என்றால், மதர்போர்டில் உள்ள சி.ஆர். 2032 பேட்டரி தீர்ந்திருக்கும். 3 வோல்ட் காசு வடிவ பேட்டரி. அது தீர்ந்தால் பயாஸ் செட்டிங்குகள் பழைய நிலைக்குத் திரும்பி, யு.இ.எப்.ஐ.க்குப் பதில் லெகசி என்று மாறியிருக்கலாம். பேட்டரியை மாற்றி, தேதியைச் சரி செய்து, பூட் முறையைத் திரும்ப யு.இ.எப்.ஐ.க்குக் கொண்டு வரவும்.

செக்யூர் பூட் மறித்தால்

2024 ஆகஸ்ட் 13-ல் வந்த விண்டோஸ் அப்டேட்டுக்குப் பின், டூயல் பூட் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் லினக்ஸ் திறக்க மறுத்தது. செக்யூரிட்டி பாலிசி வயலேஷன் என்ற செய்தி வந்து, கம்ப்யூட்டர் அணைந்துவிடும். ஓட்டை உள்ள பழைய பூட் புரோகிராம்களைத் தடுப்பதற்காக வந்த மாற்றம், டூயல் பூட் வைத்திருந்தவர்களையும் சேர்த்துப் பிடித்துக் கொண்டது. 2025 மே மாத அப்டேட்டில் மைக்ரோசாப்ட் இதைச் சரி செய்தது.

இதே செய்தி உங்களுக்கு வந்தால், செட்டப்பில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, உபுண்டுவைத் திறந்து, எல்லா அப்டேட்டுகளையும் பதியுங்கள். பின்பு செக்யூர் பூட்டை மறுபடி இயக்கிவிடுங்கள். பிட்லாக்கர் கீ கையில் இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

வீட்டில் இருவர், விருப்பம் இரண்டு

அப்பாவுக்கு விண்டோஸ், பையனுக்கு லினக்ஸ் என்றால், முன்பு திறந்த அதே கிரப் பைலில் "கிரப்_டீபால்ட்=சேவ்டு", "கிரப்_சேவ்டீபால்ட்=ட்ரூ" என்ற இரண்டு வரிகளை அமைத்து, அப்டேட்-கிரப் கொடுங்கள். கிரப்_டீபால்ட் ஏற்கெனவே இருக்கும். அதன் மதிப்பை மட்டும் மாற்றினால் போதும். கடைசியாக எதைத் தேர்ந்தெடுத்தீர்களோ அதுவே அடுத்த முறையும் தயாராக நிற்கும். "கிரப்_டைம்அவுட்=10" என்று வைத்தால், தேர்ந்தெடுக்கப் பத்து விநாடி கிடைக்கும்.

இன்னொரு சின்னத் தொல்லை: லினக்ஸுக்குப் போய் வந்தால் விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று நினைத்துக் கொள்கிறது. லினக்ஸில் "டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1" என்று ஒரு முறை கொடுத்தால் இரண்டும் ஒத்துப் போகும்.

கடைக்குப் போக வேண்டி வந்தால்

எல்லாவற்றையும் நீங்களே செய்ய வேண்டும் என்பதில்லை. ஆனால் கடைக்காரரிடம் "ஆன் ஆகல" என்று மட்டும் சொல்லாமல், "இது டூயல் பூட், டேட்டா தேவை, என்னைக் கேட்காமல் பார்மட் செய்யக் கூடாது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். திரையில் வந்த செய்தியின் படத்தையும் காட்டுங்கள்.

இப்போது உங்கள் கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடிக் கொண்டிருந்தால், இன்றே ஒரு வேலை. பூட் மெனு கீ, செட்டப் கீ, பிட்லாக்கர் கீ, லினக்ஸ் பார்ட்டிஷனின் அளவு, இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி, அந்தக் காலண்டருக்குப் பக்கத்தில் வேண்டாம், பீரோவுக்குள் பத்திரமாக வையுங்கள்.